கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே

பேட்டி எடுக்கிறவர்களைத் திட்டிக்கொண்டே வேலை பார்ப்பது என் வழக்கம். காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு, பித்தளைக் கைப்பிடி என்று வந்து இறங்குவதையெல்லாம் துடைத்து, புளி போட்டு விளக்கி, சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு ஒரு வேலையும் கிடையாது. அதனால் காதில் பாட்காஸ்ட். காலை பத்து மணிக்குச் செருகினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கழற்றுவேன். முதலாளி என்னைக் கூப்பிடுவதை விட்டு வருடக் கணக்காகிறது. எதிரே வந்து நின்று கையை ஆட்டுவார்.

கேட்பதில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. பிடிக்காததையும் கேட்பேன், திட்டுவதற்கு ஆள் வேண்டுமே. சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார். பெரிய பெரிய ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைத்து, அவர்கள் வாயைத் திறந்ததும் "சூப்பர் சார், சூப்பர் சார்" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் விமானம் ஓட்டுகிற பெண்மணி ஒருத்தி, முதன்முதலாகத் தனியாகப் பறந்ததைச் சொல்ல வந்தாள். "சக்கரம் தரையை விட்டதும்..." என்றாள். "செம ஃபீலிங்கா இருந்திருக்கும்ல!" என்றார் இவர். அவளும் பாவம், "ஆமா சார்" என்று நிறுத்திக்கொண்டாள். "அட கட்டையில போறவனே, அவளைப் பேச விடேன்டா!" என்று நான் கத்திவிட்டேன். கடையில் தட்டு பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தம்பதி தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பிடித்தவர் ஒருவர் உண்டு. அவரும் என்னைப் போல ஒரு பெண்தான். குரலில் பெரிய இனிமை ஒன்றும் கிடையாது, சளி பிடித்த குரல். பிணவறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் ஒருவரைப் பேட்டி எடுத்தார். "முதல் நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். அந்த ஆள் பேசவில்லை. இந்த அம்மாவும் பேசவில்லை. போன் நின்றுவிட்டதா என்று ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவர், "என் மகளைத் தூக்கலங்க. அது கையை நீட்டுச்சு. நான் தூக்கல" என்றார். கையில் இருந்த ஜாடியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேட்டி எடுக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் அன்றைக்கு நீட்டி முழக்கிச் சொல்லியிருப்பேன். பதிலைத் தானே சொல்லிவிடக் கூடாது. கையில் வைத்திருக்கும் தாளைப் பார்த்து அடுத்த கேள்விக்கு ஓடக் கூடாது. எல்லாவற்றையும் விட, ஆமாம் இல்லை என்று முடிந்துபோகிற கேள்வியைக் கேட்கவே கூடாது. எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்ட்டீகளா" என்று கேட்போம். "ஆச்சு" என்று பதில் வரும். பட்டினி கிடந்தாலும் ஆச்சுதான், காய்ச்சலில் கிடந்தாலும் ஆச்சுதான். அது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்தான் மனிதர் ஒரு நிமிடம் யோசித்து உண்மையைச் சொல்வார். இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோயம்புத்தூரில் படிக்கிற என் மகளுக்கு என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. "எல்லாரையும் வையிறதுக்குப் பதிலா நீயே ஒண்ணு பண்ணும்மா" என்றாள். லீவுக்கு வந்தபோது சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக் இரண்டு வாங்கி வந்தாள். கடையில் கிடந்த பழைய லாப்டாப்பில் வெட்டி ஒட்டுகிற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். இந்த ஊரில் ஏதோ ஒரு வேலையை ரொம்ப காலம் பார்த்தவர்களோடு பேசுவது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு பேரோடு பேசி, வெட்டி ஒட்டி, நெட்டில் ஏற்றினேன். அதோடு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பவர்களிடம் நேரமில்லை என்கிறேன். அது பொய். பன்னிரண்டாவது ஆள் என் அண்ணன்.

அண்ணன் அரசு பஸ் டிரைவர். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். திருப்பத்தூர் வழியாகத் திருக்கோஷ்டியூர் போகிற வண்டியை வெகு காலம் ஓட்டினார். ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலை ஒன்பது மணி இருக்கும். பின்வாசல் பக்கமாக நுழைந்தபோது அவர்கள் வளர்க்கிற நாய் படுத்துக்கிடந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. "என்ன மதினி, நாய்க்கு என்னத்தப் போடுறீக? கன்னுக்குட்டி கணக்கா கெடக்கு!" என்றேன். மதினி சிரிக்கவில்லை. "அதுக்கென்ன கொறச்சல்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். காலையிலேயே ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னறையில் மின்விசிறியை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். அண்ணன் சட்டைக் காலரில் மைக்கை மாட்டினேன். "என்னத்தா, ஆபரேசனா பண்ணப்போற?" என்று கேலி செய்தார். காதில் ஹெட்போன் மாட்டி லாப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். பேட்டி ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை உண்டு. ஆளைக் கொஞ்சம் பேசவிட்டு, சத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் பச்சையாக ஒரு கோடு மேலும் கீழும் போகும். அது பாதிக்கு மேல் ஏற வேண்டும், சிவப்பைத் தொடக் கூடாது. அதற்காகக் கேட்கிற கேள்வி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எல்லோருக்கும் பதில் தெரியும், யோசிக்காமல் பேசுவார்கள். பன்னிரண்டு பேரிடமும் அதைத்தான் கேட்டேன். கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். வெட்டும்போது முதலில் தூக்கிப் போடுவதும் அதைத்தான்.

அண்ணனிடமும் கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். கோடு ஏறவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சத்தமாகச் சொன்னார். கோடு ஏறியது. பேட்டியை ஆரம்பித்தேன்.

பேட்டி பிரமாதமாக வந்தது, அதை மறுக்க மாட்டேன். மாசித் திருவிழாவுக்குத் திருக்கோஷ்டியூர் போகிற கூட்டத்தைப் பற்றிப் பேசினார். கோயிலில் விளக்கு எடுத்து வந்து, நினைத்தது நடந்த பிறகு திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். ஒரு வருடம் ஒரு பெண் மடியில் அகல் விளக்கை வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாளாம். "அண்ணே, மேடு பள்ளத்துல பாத்துப் போங்கண்ணே, ஒடஞ்சா எம்புள்ளைக்கு ஆகாது" என்றாளாம். அண்ணன் அத்தனை தூரமும் வண்டியை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் "இதுக்கு நடந்தே போயிருவம்யா" என்று வைதார்களாம். "வஞ்சா வஞ்சுட்டுப் போறாக, வெளக்கு ஒடஞ்சுறக் கூடாதுல்ல" என்றார் அண்ணன். அந்தப் பெண் யார், பிள்ளைக்கு என்ன ஆனது என்று தெரியுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, எனக்குப் பிடித்த அந்த அம்மா மாதிரியே சும்மா இருந்தேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எறங்கும்போது ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு. அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். அந்த இடைவெளி ஏழு வினாடி. வெட்டும்போது எண்ணிப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. மகளுக்கு போன் போட்டு, "ஏழு செகண்ட் வாயத் தொறக்கலடி" என்று பீற்றிக்கொண்டேன்.

ஆவணியில் ஓய்வு பெற்றார். ஐப்பசியில் மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்று. எப்போதிலிருந்து விழுங்கச் சிரமம் என்று டாக்டர் கேட்டதற்கு, "பத்து நாளா" என்றாராம் அண்ணன். பத்து நாளில் இப்படி வராது, இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் மதினியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். தை பிறந்து கொஞ்ச நாளில் அண்ணன் போய்விட்டார்.

சாவு வீட்டில் ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி, பக்கத்தில் மதினி இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், "கூடவே இருந்து ஆக்கிப்போட்டவளுக்குத் தெரியாமயா இருக்கும், சாப்புடுறானா இல்லையான்னு?" என்று கேட்டாள். அவள் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருந்தது எனக்கு. மதினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆடி வரைக்கும் நல்லாத்தேன் சாப்ட்டாக. நாலு இட்லி சாப்ட்டேன்னு அவுக வாயாலயே மைக்குல சொன்னாக. இந்தா இருக்காள்ல, இவகிட்டக் கேளு" என்று என்னைக் கை காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு இட்லி என்று சத்தமாகச் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது. "ஆமா, சொன்னாக" என்றேன். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அந்தப் பேட்டியைக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. ஆனால் இந்த போன் இருக்கிறதே, அது யாருக்கும் அடங்காத சனியன். ஒரு நாள் மத்தியானம் எனாமல் தூக்குச்சட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர் "சூப்பர் சார்" என்று முடித்தார். நான் அடுத்ததைப் போடவில்லை, அதுவாகப் போய் அடுத்ததைப் போட்டது. காதுக்குள், மிகவும் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். "வணக்கம். நான் பஸ் டிரைவருங்க" என்றார் அண்ணன். கை முழுக்கச் சோப்பு நுரை, போனை எடுக்க முடியவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். சிரிக்கிறார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஜாடிகள்தான் அடுக்கியிருந்தன. செத்துப்போன மனிதர் காதுக்குள் மூச்சு விட்டால் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வது?

அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. காதில் ஒன்றும் இல்லாதபோதும் அந்தச் செருமல் கேட்க ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, குழாயடியில் குனியும்போது. அண்ணன் எதையோ சொல்ல வருகிறார், நான் கேட்கவில்லை என்று ஒரு நினைப்பு. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தேன். மகளிடம் சொன்னேன். "துக்கம்மா, கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றாள்.

பங்குனியில் மதினி கடைக்கே வந்தார். அவர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றுகொண்டு, "ஒங்க அண்ணன் பேசுனத முழுசாக் கேட்டேன். நாலு இட்லி சாப்ட்டேன்னு சொன்னாகல்ல, சட்னி நல்லாருக்குன்னு சொன்னாகல்ல, அதக் காணோம். அத ஏன் எடுத்த?" என்று கேட்டார்.

"அது சும்மா மைக்கு பாக்குறதுக்குக் கேட்டது மதினி. எல்லாருக்கும் எடுத்துருவோம்."

"எனக்கு அது வேணும். அடுப்பங்கரையில நின்னு காதால கேட்டேன். அந்த வார்த்த எனக்கு வேணும்." தெருவைப் பார்த்துக்கொண்டு, "அவ வந்து கேட்டான்னா போட்டுக் காட்டுவேன்" என்றார். அத்தையைத்தான் சொன்னார்.

வெட்டாத பதிவு லாப்டாப்பில் இருந்தது. அதை அழிக்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். மறுநாள் காலையில், கடை திறந்து ஆள் வருமுன் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டினேன். மின்விசிறி அணைகிற சத்தம். ஆபரேசன் கேலி. பிறகு என் குரல்.

"அண்ணே, காலையில என்ன சாப்ட்டீக?"

அண்ணன் மெதுவாகப் பேசினார். வீட்டில் யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி.

"என்னத்தச் சாப்ட்டேன். ரெண்டு மாசமா ஒண்ணும் எறங்க மாட்டேங்குதுத்தா. இட்லி நெஞ்சுலயே நிக்கிது. தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத் தள்ளுறேன். ஒங்கிட்டச் சொல்லணும்னுதேன்..."

"அண்ணே, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. கோடே ஏற மாட்டேங்குது."

ஒரு மூச்சு. ஆழமாக இழுத்த மூச்சு. பிறகு அடுப்பங்கரை வரைக்கும் கேட்கிற சத்தத்தில், பஸ்ஸில் பின்படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே வரச் சொல்லுகிற அந்தக் குரலில்:

"நாலு இட்லி! தேங்காச் சட்னி! ஒங்க மதினி சட்னிக்கு நாலு என்ன, எட்டுகூட எறங்கும்!"

"ஆங், இது போதும்ணே."

நான் எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று தெரியாது. முதல் மூன்று நான்கு தடவை, நான் அன்றைக்குக் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேனா என்றே எனக்குச் சந்தேகம். மாட்டியிருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதுக்குள்தான் விழுந்திருக்கிறது, வேறு யார் காதிலும் விழவில்லை. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எவ்வளவு என்று பார்த்தேன், சொன்னது என்ன என்று கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாததை மனிதர் என்னிடம் சொன்னார். ஆமாம் இல்லை என்று முடியாத கேள்வி கேட்டால் உண்மை வரும் என்று ஊரெல்லாம் சொன்னேனே, வந்தது. வந்த உண்மையைச் சத்தம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். சென்னைக்காரரை எத்தனை வசவு வைதிருக்கிறேன்! அவராவது "சூப்பர் சார்" என்று சொல்லத் தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்திருப்பார். அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை. இன்றைக்கும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை.

ஆடியில் அவர் இரண்டு மாதமாக என்கிறார். ஐப்பசியில்தான் டாக்டரிடம் போனார். நடுவில் இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணியது போதும் என்று எழுந்து போய் முகம் கழுவினேன்.

இப்போது மதினிக்கு என்ன கொடுப்பது? முழுசாகக் கொடுத்தால், ஆடி வரைக்கும் நன்றாகச் சாப்பிட்டார் என்று அவர் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கொம்பை ஒடிப்பதாகும். சாவு வீட்டில் நானே சாட்சி சொன்னதும் பொய்யென்று ஆகும். அவருக்காகத்தான் யோசித்தேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான். அண்ணன் என்னிடம் சொன்னார், நான் விட்டுவிட்டேன் என்று மதினிக்குத் தெரிந்தால் அந்த வீட்டுப் பின்வாசலில் நான் எப்படி நுழைவேன்?

வெட்டினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மெதுவாகச் சொன்னதை எடுத்தேன், என் குரலையும் எடுத்தேன். "நாலு இட்லி" முதல் "எட்டுகூட எறங்கும்" வரைக்கும் தனியாக வைத்தேன். முன்னால் இருந்த மூச்சை மட்டும் முழுசாக எடுக்க முடியவில்லை. நெருக்கி வெட்டினால் "நாலு" என்ற சொல்லின் தலை போனது. மூச்சை அப்படியே விட்டுவிட்டேன். மதினி போனுக்கு அனுப்பினேன்.

அதற்கப்புறம் நான் அந்த வீட்டுக்குப் போகாமல் தட்டிக்கழித்தேன். கடையில் சாமான் வந்திருக்கிறது, முழங்கால் வலி என்று ஏதாவது காரணம். மதினி போன் செய்து "சாப்ட்டியா" என்பார். "ஆச்சு மதினி" என்று சொல்லி வைத்துவிடுவேன். சித்திரை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ வாரியா, நான் அங்குட்டு வரவா?" என்று கேட்டார். போனேன்.

பின்வாசலில் நாய் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. மதினி என்னை அதே முன்னறையில் உட்கார வைத்தார். நான் அன்று உட்கார்ந்த அதே இடத்தில் அவர் உட்கார்ந்தார். அண்ணன் நாற்காலியில் நான். போனை எடுத்து அதைப் போட்டார். மூச்சு. நாலு இட்லி. சட்னி. எட்டுகூட எறங்கும். மறுபடி போட்டார்.

"தெனமும் கேக்குறேன்" என்றார். "முன்னாடி ஒரு மூச்சு இழுக்குறாக பாரு. இட்லி தின்னதச் சொல்றதுக்கு எதுக்கு இம்புட்டு மூச்சு?"

மைக் பக்கத்தில் இருந்தது மதினி, அப்படித்தான் கேட்கும் என்று சொல்லலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் மதினி கேட்டுவிட்டு வேறு எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டவில்லை, "அப்படித்தானே?" என்று எடுத்துக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். எத்தனையோ பேட்டி கேட்டிருக்கிறேன், இப்படி ஒருவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. வெளியே குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் வந்தது, நின்றது. மறுபடியும் வந்தது. அவர் அசையவில்லை.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மெதுவாகச் சொன்னதை, நான் கோட்டைப் பார்த்ததை, சத்தமாகச் சொல்லச் சொன்னதை, வெட்டினதை. கடைசியில், "எங்கிட்டத்தேன் சொன்னாக மதினி. நான்தேன் கேக்கல" என்று சொல்லிவிட்டு அழுதேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதினி போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு பேசினார்.

"அப்பெல்லாம் தட்டுல வச்ச இட்லியப் பின்னாடி கொண்டுபோயி நாய்க்குப் போட்டாக. நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டாக. நான் தெனமும் பாத்தேன். வழியில பஸ்ஸு நிக்கிற ஓட்டல்ல டிரைவருக்குன்னு தனியாக் கவனிப்பாகல்ல, அந்த ருசி கண்டு என் கைச் சோறு பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். கோவம். ஒரு வார்த்த கேக்கல நானு. நீ வேற வந்து நாய் கன்னுக்குட்டி கணக்கா இருக்குன்ன. அன்னைக்கு உள்ள நின்னுக்கிட்டு, இவகிட்டயாச்சும் என்ன சொல்றாகன்னு காதக் குடுத்தேன். சட்னிக்கு எட்டு எறங்கும்னாக. அதத்தேன் இத்தன நாளு வச்சிருந்தேன்."

நாலு இட்லி பொய்யென்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். அந்தப் பொய்யில் சட்னி மட்டும் உண்மையாக இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப என் சட்னி பிடிக்காம இல்ல" என்றார். "எறங்கல. அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் அழுவதை நான் அதற்கு முன்னால் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெட்டாதது வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

போனில் இருந்தது. கூடவே வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

"போடு. முழுசாப் போடு."

மின்விசிறியை நான் அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். போனை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துப் போட்டேன். இட்லி நெஞ்சிலேயே நிற்கிறது என்று அண்ணன் மெதுவாகச் சொன்னபோது மதினி குனிந்து காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். "ஒங்கிட்டச் சொல்லணும்னுதேன்" என்று அண்ணன் ஆரம்பித்தார். "சொல்லுங்க" என்றார் மதினி, போனைப் பார்த்து.

அந்த இடத்தில் அறைக்குள் என் குரல் வந்தது, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே என்று.